பேர் விட்ட பாட்டு

முருகையா கித்தாரைத் தூக்கினால் திகாம் பத்து ரப்பர்த் தோட்ட வட்டாரத்துப் பெண்கள் முந்தானையைத் தயாராக வைத்துக்கொள்வார்கள். ஆடித் திருவிழாவோ, தீபாவளியோ, கங்காணி வீட்டுக் காதுகுத்தோ, எதுவானாலும் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பலகைப் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்காருவான். முதலில் சிரிக்கச் சிரிக்க நாலு பாட்டு. துரையின் நாய்க்குக் காய்ச்சல் வந்ததைப் பற்றி ஒன்று, கள்ளுக்கடையில் வேட்டியைத் தொலைத்தவனைப் பற்றி ஒன்று. அப்புறம் கித்தாரின் கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிப்பான். அவ்வளவுதான், முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்கும். பாட்டு இன்னும் ஆரம்பித்திருக்கவே மாட்டான்.

அந்தப் பாட்டுக்காகச் சுங்கைப் பட்டாணித் துணிக்கடைக்காரர் கடையை மூடிவிட்டுச் சைக்கிள் மிதித்து வருவார். பக்கத்துத் தோட்டத்துச் சனம் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வரும். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டு ஞானம்மா யாழ்ப்பாணத்து வேதக்கார அம்மாள். மாரியம்மன் திடலுக்குள் காலை வைக்கமாட்டார். வேலிக்கு வெளியே குடையை விரித்துக்கொண்டு நின்று, குடைக்குள்ளேயே அழுவார்.

“முருகையா, நீ வடிக்க வைக்கிற உப்பை வச்சி ஒரு மூட்டைக் கருவாடு போடலாம்லா” என்று கங்காணி பரஞ்சோதி கேலி பேசுவார். பேசிவிட்டு அவரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

அழாத ஆள் ஒருவன்தான், முருகையா. ஊரையே கரைத்துவிட்டு, அவன் காய்ந்த கண்ணோடு கித்தாரைச் சாக்குக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

கேட்காத ஆளும் ஒருத்திதான். அவன் பெண்சாதி மருதம்மாள். பாட்டு நடக்கிற நேரத்தில் அவள் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில், கடைசி வீட்டு அடுப்படியில் இருப்பாள். திடலுக்கும் லயத்துக்கும் நடுவில் ரப்பர் மரங்கள். அந்த மரங்களுக்குள் நுழைந்து வரும் பாட்டு முழுசாக வராது; ஓர் அடி கேட்கும், ஓர் அடி கேட்காது. கேட்கிற அடி வரும்போது மருதம்மாள் பானையை நகர்த்துவாள், விறகை உதறுவாள், ஏதாவது ஒரு சத்தம் போட்டுக்கொள்வாள்.

அந்தப் பாட்டைக் கட்டியதே அவள்தான்.

*

அப்போதெல்லாம் தோட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்கு நாள் விடிவது இருட்டிலேதான். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடிக்குமுன் பழைய சோற்றைக் கரைத்து ஒரு வாய் குடித்துவிட்டு, பிள்ளையைத் துணியோடு சுருட்டி எடுத்துக்கொண்டு ஆயாக்கொட்டகைக்கு ஓட வேண்டும். அங்கே உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள் தொங்கும். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையைத் தூளியில் போட்டு, அது கண் அயர்கிறவரை நாலு வரி முனகிவிட்டு, மரம் சீவும் உளியை எடுத்துக்கொண்டு ஓடுவாள். மருதம்மாள் முனகியது இது:

*மரத்துக்கு மரம் கோடு போட்டு*
*மங்கு வச்சி வாரேனே*
*மரம் அழுத பாலெல்லாம்*
*வாளியில ஊத்தி வாரேனே*
*நீ அழுத பாலுக்கு*
*நெரை முடிச்சி வாரேனே...*

அதற்குப் பிறகு பிள்ளையின் பேர். பேருக்குப் பிறகு, கண்ணுறங்கு.

அந்தப் பேர் கண்ணுறங்கியது ஒரு மழை மாதத்தில். செராய் மலைப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்த ஒரு காலையில், பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது என்று ஆயா இராசாத்தி ஆள் விட்டாள். மருதம்மாள் உளியைக் கீழே வைத்தாள். மழை இறங்கினால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் உள்ள பாலெல்லாம் வீணாகப் போகும், எடுத்து ஊற்றிவிட்டுப் போ, உன் மர நிரையில் பாதிதானே பாக்கி என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவதும் போவதும் வழக்கம்தான். மருதம்மாள் நிரையை முடித்தாள். தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் வாளியை மாட்டி ஸ்டோருக்குச் சுமந்து, பாலை அளந்து கொடுத்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தபோது தூளி வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். மறுநாள் விடியுமுன் எல்லாம் முடிந்தது.

புதுக்காட்டு ஓரம் சதுப்புக்கு மேலே ஒரு மேடு உண்டு. லயத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் இடம். பால்குடி மறக்காத பிள்ளைக்கு ஒப்பாரி கிடையாது, பந்தல் கிடையாது, எட்டுப் படையல் கிடையாது. பேர் சொல்லி அழக்கூடாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் போன உயிர் திரும்பிப் பார்க்கும், அடுத்த வயிறு தங்காது என்று லயத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அப்பன்காரன் மண்ணைத் தள்ளிவிட்டு வருவான்; தாய்க்காரி மறுநாள் பெரட்டுக்குப் போவாள். மருதம்மாளும் போனாள். மார்புச் சேலை நனைந்து ஒட்ட, மரத்துக்கு மரம் கோடு போட்டாள்.

கித்தார் வந்தது அந்த வாரம்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் சின்னத்துரையின் வீட்டில் முருகையா சாயங்காலங்களில் புல் வெட்டுவான். டிரெசர் ஞாயிற்றுக்கிழமைகளில் கித்தார் வைத்து வேதப் பாட்டுப் பாடுவார். புல் வெட்டுகிறவன் கை நின்று போவதைப் பார்த்து ஒருநாள் அவனைக் கூப்பிட்டு, விரலை எங்கே வைப்பது என்று காட்டிக் கொடுத்தார். பிடித்துக்கொண்டான். பிள்ளையை அடக்கம் பண்ணியபின் அவன் புல் வெட்டப் போன அன்று, டிரெசர் கித்தாரைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தார்.

“என்னட்டை இருந்த மருந்தெல்லாம் குடுத்துப் பாத்திட்டன், முருகையா. இனிக் குடுக்க இதுதான் கிடக்கு.”

அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை. ரப்பர்ப்பால் காய்ந்து கறுத்த விரல்களைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வாசிப்பான். தந்தி அறுந்தால் சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து ஓர் இழையைப் போட்டுக்கொள்வான். ஒரு சாயங்காலம் லயத்து வாசலில் உட்கார்ந்து, மருதம்மாள் முனகிய தாலாட்டை அவனையறியாமல் வாசித்தான். வாசித்தது பாட்டாக வாயில் வந்தது. குழாயடியிலிருந்த பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்த குழாயை மூட ஆள் இல்லை. அன்றைக்குப் பிடித்ததுதான்.

*

இந்த வருஷம் ஆடி பிறந்தபோது மருதம்மாள் மறுபடி வயிறு தள்ளியிருந்தாள். ரப்பர்க் காய்கள் வெயிலில் பட்டுப்பட்டென்று வெடிக்கிற காலம். ஒரு சாயங்காலம் அவித்த மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பாலும் அவன் முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள்.

“திருநாளுக்கு அந்தப் பாட்டு வேணாம்.”

அவன் கிழங்கைப் பிட்டான். “வயித்துல இருக்கறதுக்காகவா?”

“அதுவும்தான்.”

“வேற என்னா?”

வெளியே ஒரு காய் வெடித்துத் தகரக் கூரையில் கொட்டை உருண்டது.

“நெரை முடிச்சி வாரேன்னு நான் சொன்னது அவன்கிட்ட. ஊருகிட்ட இல்ல. நீங்க அதை எடுத்துப் பாடுறப்பல்லாம் ஊரு பூரா கேக்குது, இவ நெரையை முடிச்சிட்டுத்தான் போனான்னு. துணிக்கடைக்காரர் வரைக்கும் கேக்குது.”

“உன்னைச் சொல்லி நான் பாடல, மருதம்.”

“அவனைச் சொல்லியும் பாடலயே. நான் சொன்னதையெல்லாம் ஒண்ணு விடாமப் பாடுறீங்க. அவன் பேரை மட்டும் விட்டுட்டீங்க. பேரில்லாத புள்ளையா அவன்?”

உண்மைதான். அந்த இடம் வரும்போது முருகையா வாயை மூடிக்கொள்வான். கித்தார் மட்டும் நாலைந்து தந்தி தனியாகப் பேசும். அப்புறம்தான் கண்ணுறங்கு என்று எடுப்பான். ஊர் அதை ஒரு நயமென்று நினைத்திருந்தது.

அவன் தட்டை ஒதுக்கி வைத்தான். அந்த இடத்தில் எனக்குப் பேர் வாயில் வருவதில்லை, அதனால்தான் விரலை விட்டு ஓட்டுகிறேன் என்றான். வழக்கத்துக்குப் பயந்தும் இல்லை, மறந்தும் இல்லை. வருவதில்லை, அவ்வளவுதான்.

மருதம்மாளுக்கு அது புதுச் செய்தி. ஆனாலும் மனசு இறங்கவில்லை.

“அப்பப் பாட்டையே விட்டுடுங்க.”

“சரி” என்றான். பிட்ட கிழங்கு அப்படியே இருந்தது.

*

சங்கதி வெளியே போக நாளாகவில்லை. கங்காணி வந்து பேசிப் பார்த்தார். பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டி வருகிறார்களே, அவர்களுக்கு என்ன பதில் சொல்வது, துரையின் நாயைப் பாடி அனுப்பிவிட முடியுமா என்றார். கித்தாரில் தந்தி சரியில்லை என்று முருகையா மழுப்பினான். ஆண்கள் முணுமுணுத்துவிட்டு ஓய்ந்தார்கள்.

பெண்கள் முணுமுணுக்கவில்லை. மருதம்மாளுக்கு அதுதான் தாங்கவில்லை. ஸ்டோரில் பால் அளக்க வரிசையில் நின்றால், பிள்ளைத்தாய்ச்சி என்று முன்னால் விட்டார்கள். வாளியைத் தூக்கி வைத்தார்கள். எல்லாம் எப்போதும் போலத்தான். பேச்சு மட்டும் இல்லை. அவள் போனதும் வாய் மூடிக்கொண்டது. திட்டினால் திருப்பித் திட்டலாம். வாளியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்க்கிறவளை என்ன சொல்வது?

மழையில் வேலை நின்றுபோன ஒரு காலையில் காளியம்மா வந்தாள். மருதம்மாளுக்குப் பக்கத்து நிரைக்காரி, வயதில் மூத்தவள், வாய் சும்மா இருக்காது. மாங்காயைச் சீவி, மிளகாயும் இறால் பிளாச்சானும் வைத்து இடித்து, சேம்பிலையில் மூடிக் கொண்டுவந்திருந்தாள். நனைந்த தலையைக்கூடத் துவட்டாமல் மருதம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பொம்பளப் புள்ளதான். ஆம்பளன்னா இந்நேரம் உன் மூஞ்சி கள்ளுக்கடைப் பானை மாதிரி வீங்கியிருக்கும்.”

“போன தடவயும் பொம்பளன்னுதான் சொன்னீங்க, அக்கா.”

“அப்ப உன் மூஞ்சி பொய் சொல்லிடுச்சி. நான் என்னா பண்றது?”

மருதம்மாள் பால் விடாமல் வரக்கோப்பி போட்டாள். இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து மாங்காயைத் தொட்டுத் தின்றார்கள். கூரைத் தண்ணீர் கயிறு கயிறாக விழுந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்து ஆளேற்றிய கப்பலில் தான் வந்த கதை, கங்காணி பெண்சாதி புதுக் கம்மலை மறைக்காமல் காட்டிக்கொண்டு திரிகிற கதை, எல்லாவற்றையும் காளியம்மா பேசி முடித்தாள். பிறகு கோப்பியை ஊதிக்கொண்டே கேட்டாள்.

“நீ ஒரு தடவயாச்சும் வந்து உக்காந்து கேட்டிருக்கியா, உம் புருசன் பாடுறதை?”

“இங்கயே கேக்குதே.”

“இங்க கேக்குறது பாதிதான்.” காளியம்மா குவளையைக் கீழே வைத்தாள். “அவன் பேரை விடுறான்ல? கித்தாரு மட்டும் பேசுற எடம். அந்த எடத்துல நாங்க சொல்லிக்குவோம்.”

“என்னாத்த?”

“எங்க புள்ளைங்க பேரைத்தான். வாய்க்குள்ளயே. கித்தாரு சத்தத்துல யாருக்கும் கேக்காது, சாமிக்குக்கூடக் கேக்காது. எனக்கு மூணு பேரு சொல்லணும். ஒரு தடவைக்கு ரெண்டுதான் சொல்ல முடியுது. அவன் அந்த அடியைத் திருப்பிப் பாடுறான் பாரு, அப்பத்தான் கடைசிப் புள்ளைக்கு எடம் கெடைக்கும்.”

மருதம்மாள் மாங்காய்த் துண்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“பேரு சொன்னா அடுத்த வயிறு தங்காதுன்னு...”

“மூத்தவன் போனப்ப நான் பேரு சொல்லவே இல்ல, மருதம். வாயைக் கட்டிக்கிட்டு அப்படியே வேலைக்குப் போனேன். அடுத்தது தங்கிச்சா? அதுக்கு அடுத்தது தங்கிச்சா?” குரலை உயர்த்தவில்லை அவள். மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அழறதுக்கு லயத்துல எடம் எங்க இருக்கு, சொல்லு. வீட்டுல அழுதா புருசன் அடிப்பான், இல்லன்னா அவனும் அழுவான். காட்டுல அழுதா மண்டோரு சத்தம் போடுவாரு. வருசத்துல ரெண்டு தடவ, உம் புருசன் பொட்டி மேல உக்காந்தா அழுதுக்குவோம். அதையும் நீ வேணாம்னுட்ட. உன்னைக் கொற சொல்லல. புள்ளத்தாச்சி பயப்படுறது ஞாயந்தான்.”

“பயம் மட்டும் இல்லக்கா.” மருதம்மாள் மாங்காய்த் துண்டை இலையில் வைத்தாள். மூன்று வருஷமாகப் புருஷனைத் தவிர யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். “ஆள் வந்து சொன்னப்புறமும் நான் நெரையை முடிச்சிட்டுத்தான் போனேன்.”

காளியம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஆச்சரியமே இல்லை அந்தப் பார்வையில்.

“இந்த லயத்துல முடிக்காமப் போனவ எவ, அவளைக் காட்டு.”

மழை விட்டதும் எழுந்து, சேம்பிலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள். மருதம்மாள் இதைப் புருஷனிடம் சொல்லவில்லை. இரண்டு நாளாக எதையோ கணக்குப் பார்ப்பவள் போல நடந்தாள்.

*

திருநாளன்று காலையிலிருந்தே வெயில். கரகம் வந்தது, கூழ் ஊற்றினார்கள், கிடா வெட்டினார்கள். பொழுது சாய்ந்ததும் திடலில் கேஸ்விளக்கைத் தூக்கிக் கட்டி, பலகைப் பெட்டியைப் போட்டார்கள். வண்டிகள் வந்து அவிழ்த்தாயிற்று. துணிக்கடைக்காரர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துத் தயாரானார். வேலிக்கு அப்பால் ஞானம்மாவின் குடை விரிந்தது.

முருகையா துரையின் நாயைப் பாடினான். வேட்டி தொலைத்தவனைப் பாடினான். சிரிப்பு வந்தது, வழக்கமான சிரிப்பில் பாதிதான். அதையும் பாடி முடித்துக் கித்தாரை மடியில் படுக்கப் போட்டான். “இன்னைக்கி இவ்வளவுதான்” என்றான்.

யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கங்காணி தொண்டையைச் செருமினார், அதோடு நிறுத்திக்கொண்டார். முன்வரிசைப் பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரி ஒருத்தி தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

மருதம்மாள் பின்னால் பலாமரத்தடியில் நின்றிருந்தாள். முருகையா அவளைப் பார்க்கவில்லை. அவள் வருவாள் என்று அவன் நினைத்ததே இல்லை. கூட்டத்துக்குள் வயிற்றை ஒரு கையால் அணைத்துக்கொண்டு அவள் நடந்து வந்தாள். வழி விட்டார்கள். காளியம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். மருதம்மாள் கையை ஊன்றி மெல்ல உட்கார்ந்து, புருஷனைப் பார்த்து, வீட்டில் சோறு போட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்கிற குரலில் சொன்னாள்:

“பாடுங்க.”

அவன் மடியில் கிடந்த கித்தாரை எடுத்தான். கித்தாரின் கழுத்து தாழ்ந்தது. எழுந்து நின்ற பக்கத்துத் தோட்டத்துக்காரி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

*மரத்துக்கு மரம் கோடு போட்டு* என்று அவன் எடுத்தபோது, மருதம்மாள் முதல்முறையாக ஓர் அடியும் விட்டுப்போகாமல் கேட்டாள். அவள் முனகியதைவிட மெதுவாகப் பாடினான். தூளி ஆட்டுகிற கைக்கு அவசரம் இருந்தது. இவன் விரலுக்கு அவசரம் இல்லை. *நீ அழுத பாலுக்கு நெரை முடிச்சி வாரேனே* என்றான். பக்கத்தில் காளியம்மாவின் தோள் குலுங்கியது. அதற்கும் பக்கத்தில் ஆயா இராசாத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். யாரும் மருதம்மாளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொருத்தியும் தன் நிரையில் இருந்தாள்.

பேர் வருகிற இடம் வந்தது. முருகையா வாயை மூடினான். கித்தார் பேசியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தூரத்தில் ரப்பர் இலைமேல் மழை விழத் தொடங்குகிற மாதிரி, வரிசை வரிசையாக வாய்க்குள் முனகல். உன்னிப்பாகக் கேட்டால் பேர்கள் பிரிந்தன. ஒரு முத்து, ஒரு பாப்பா, ஒரு வேலு. காளியம்மா இரண்டைச் சொன்னாள். வேலிக்கு வெளியே குடை ஆடியது. குடைக்குள்ளும் உதடு அசைந்தது. கிராணி வீட்டிலும் ஒரு பேர் இருந்திருக்கிறது. இத்தனை நாள் அது யாருக்கும் தெரியாது.

மருதம்மாள் வாயைத் திறக்கவில்லை.

அவன் அந்த அடியைத் திருப்பிப் பாடினான். மறுபடி முனகல் எழுந்து அடங்கியது. காளியம்மா மூன்றாவதையும் சொல்லி முடித்தாள். இனிக் கண்ணுறங்கு என்று எடுத்து முடிக்க வேண்டியதுதான்.

அவன் எடுக்கவில்லை. அதே நாலைந்து தந்திகளையே திரும்ப மீட்டினான். மறுபடியும் மீட்டினான். தலையைக் கவிழ்த்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், சுற்றிச் சுற்றி அதே இடத்திலேயே விரல்கள் நின்று காத்துக்கொண்டிருந்தன. கூட்டத்துக்குப் புரிந்துபோயிற்று. பிள்ளைகள்கூடப் பேசவில்லை. கேஸ்விளக்கு உஸ்ஸென்று இரைந்தது.

மருதம்மாளின் வயிற்றில் பிள்ளை புரண்டது. அவள் வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

“மாயழகு” என்றாள்.

மற்றவர்களைப் போல வாய்க்குள் சொல்லவில்லை. உயிரோடு இருந்து நடந்திருந்தால், இந்நேரம் லயத்துக் கோடியில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள். திடல் முழுக்கக் கேட்டது.

கித்தார் நின்றது.

முருகையா கித்தாரின் விளிம்பில் நெற்றியை வைத்துக் குனிந்தான். முதலில் முதுகுதான் அசைந்தது. பிறகு சத்தம் வந்தது. ஊரை அழவைத்த ஆள் அழுததை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது. கங்காணி எழுந்து அவனிடம் போகப் பார்த்தார். காளியம்மா கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். பாட்டு முடியாமல் நின்றிருந்தது. அதை முடிக்க முருகையாவால் ஆகவில்லை. பெண்கள்தான் முடித்தார்கள். தந்தி இல்லாமல், ஆளுக்கொரு சுருதியில், *நெரை முடிச்சி வாரேனே* என்று எடுத்து, *கண்ணுறங்கு* என்று இறக்கி வைத்தார்கள்.

வண்டிகள் பூட்டிக்கொண்டு கிளம்பின. முருகையாவும் மருதம்மாளும் ரப்பர் மரங்களுக்கு ஊடே ஒற்றையடிப் பாதையில் லயத்துக்குத் திரும்பினார்கள். கித்தாரை அவள்தான் இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அவன் கொடுக்கச் சொல்லிக் கேட்கவுமில்லை. பாதி வழி வந்தபின் அவன் நின்றான்.

“இன்னொரு தரம் சொல்லு, மருதம்.”

அவள் சொன்னாள்.